2-க்கும் 3-க்கும் நடுவே 11 ஆண்டுகள்

பைதான் நிரல்மொழியின் 3.0 பதிப்பு வெளிவந்தது 2008 டிசம்பர் 3 அன்று. பைதான் 2-க்கான ஆதரவு நின்றது 2020 ஜனவரி 1 அன்று. இடைப்பட்ட 11 ஆண்டுகளில், ஒரு தொகுப்பை நிறுவ உட்கார்ந்து, திரை முழுக்கப் பிழைச் செய்தியைப் பார்த்துவிட்டு, 'இது நமக்கு வராது' என்று எழுந்துபோன மாணவர்கள் எத்தனையோ பேர். தப்பு அவர்கள்மேல் இல்லை என்பதை இப்போதாவது சொல்லியாக வேண்டும்.

நடந்தது என்ன? நிறுவுகருவியான பிப், தொகுப்பை இறக்கியதும் அதற்குள் இருக்கும் செட்டப் கோப்பை ஓட்டும். பழைய கோப்பில் 'பிரின்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் அடைப்புக்குறி இருக்காது. பைதான் 2-இல் அது தேவையும் இல்லை. பைதான் 3-இல் பிரின்ட் ஒரு ஃபங்ஷன். அடைப்புக்குறி இல்லையென்றால் அந்தக் கோப்பில் ஒரு வரிகூட ஓடாது. தொகுப்பின் சொந்த வேலை தொடங்கும் முன்பே, வாசற்படியிலேயே எல்லாம் நின்றுவிடும். கடைசி வரியில் மிஞ்சுவது 'பிழை எண் 1' என்ற மொட்டைச் செய்தி. காரணம் அதற்கு மேலே சில வரிகள் தள்ளிக் கிடக்கும். புதிதாக வந்தவர் கடைசி வரியைத்தானே படிப்பார்?

இத்தனை தொல்லை கொடுத்த இந்தப் பதிப்பு மாற்றம் தேவைதானா என்று கேட்டால், தேவைதான் என்பேன். தமிழில் எழுதுகிறவன் வேறு பதில் சொல்ல முடியாது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைதான் 2-ஐச் சாதாரணமாகக் கேட்டால், யூடிஎஃப்-8 கோப்பில் 15 என்று சொல்லும். அது எண்ணியது பைட்டுகளை. பைதான் 3 சொல்வது 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நம் இலக்கணக் கணக்கில் எழுத்து மூன்றுதான். மிச்சத் தூரத்தை ஓபன்-தமிழ் போன்ற நிரலகங்கள் கடக்கின்றன. ஆங்கிலம் மட்டும் தட்டச்சு செய்பவருக்கு இரண்டு பைதானிலும் ஒரே விடைதான் வரும். 15 என்பது 5 ஆனதன் அருமை நமக்குத்தான் தெரியும்.

மாற்றத்தைக் கொண்டுவந்தவர்கள், பழைய நிரலை '2டு3' என்ற கருவி ஒரே மூச்சில் மாற்றிவிடும் என்று நம்பினார்கள். ஊர் வேறு வழியில் போனது. இரண்டு பதிப்பிலும் ஓடும்படி ஒரே நிரலை எழுதினார்கள். அதற்கென்றே 'சிக்ஸ்' என்ற நிரலகம் பிறந்தது, இரண்டை மூன்றால் பெருக்கி வைத்த பெயர். 2015-இல் முடிய வேண்டிய பைதான் 2-இன் ஆயுளை 2014-இல் மேலும் ஐந்து ஆண்டு நீட்டினார்கள்.

என் மனம் ஆறாதது இன்னொன்றில். 'நான் இந்தப் பதிப்பில்தான் ஓடுவேன்' என்று ஒரு தொகுப்பு எழுதிவைத்தாலும், நிறுவுகருவி அதைப் படித்து நடக்க ஆரம்பித்தது 2016 நவம்பரில், பிப் 9.0-இல்தான். எட்டு ஆண்டு தாமதம்! 2017-இல் ஐபைதான் என்ற தொகுப்பு தன் 6.0 பதிப்பில் பைதான் 2-ஐக் கைவிட்டபோது அந்த ஒற்றை வரி எவ்வளவு உதவியது என்று பாருங்கள். பிப்பைப் புதுப்பித்து வைத்திருந்த பழைய பைதான் பயனருக்குப் பழைய 5-ஆம் வரிசைப் பதிப்பே தானாக வந்து இறங்கியது. எதுவும் உடையவில்லை. இதை முதல் நாளிலேயே செய்திருக்கலாம்.

2023 அக்டோபரில் பைதான் 3.12 வந்தபோது டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய பகுதியை நீக்கினார்கள். அதைச் சார்ந்திருந்த பழைய தொகுப்புகள் பல இன்றும் முரண்டு பிடிக்கின்றன. அப்படி ஒன்று உங்களிடம் மாட்டினால் பிழைச் செய்தியைக் கீழிருந்து மேலே படியுங்கள். டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பெயர் எங்காவது கண்ணில் பட்டால், பைதான் 3.11-ஐ நிறுவி, அதைக்கொண்டு தனியாக ஒரு 'வென்வ்' சூழலை உருவாக்கி, அதற்குள் மறுபடி நிறுவிப் பாருங்கள்.