ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள்!

பட்டாளத்துக்காரர் வீட்டுப் பெண்களுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆர்டர், கேன்டீன் கார்டு, இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டை என்று எல்லாவற்றையும் ட்ரங்குப் பெட்டியில் பத்திரமாக அடுக்கி வைத்திருப்போம். அந்தப் பெட்டியில் இருக்கவேண்டிய இன்னொரு காகிதத்தைப் பற்றிச் சகோதரிகளிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு, இதயத்துக்கு ஸ்டென்ட், பேஸ்மேக்கர்... வயதான காலத்தில் இவற்றில் ஏதாவது ஒன்று உடம்புக்குள் போய்விடுகிறது. ஒவ்வொன்றின் டப்பாவிலும் சின்னதாக ஸ்டிக்கர் வரும். கம்பெனி பெயர், மாடல், லாட் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். ஆபரேஷன் முடிந்ததும் அதை ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் ஒட்டிவிடுவார்கள். நம் கைக்கு வருவதோ பில்லும் மாத்திரைச் சீட்டும்தான்!

அந்தத் துண்டுக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிப்யூ கம்பெனி ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டை விற்றது. உலோகத்தோடு உலோகம் உராய்ந்து கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. வலி, வீக்கம், மறுபடியும் ஆபரேஷன். 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அமெரிக்காவில் சுமார் 8,000 பேருக்காக ஏறக்குறைய 250 கோடி டாலர் தர 2013-ல் கம்பெனி ஒப்புக்கொண்டது.

இங்கே? இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்கள் நடந்திருந்தன. மத்திய அரசு விசாரணைக் குழு போட்டதே 2017-ல்தான். வயது, ஊனத்தின் அளவு இவற்றைப் பார்த்து 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை நஷ்டஈடு என்று 2018-ல் முடிவானது. அதை எதிர்த்துக் கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 67 பேருக்குத் தலா 25 லட்சம் கொடுப்பதாக டெல்லி ஐகோர்ட்டில் 2019-ல் சொன்னது. ஆனால் மொத்தத்தில் சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே அப்போது கண்டுபிடிக்க முடியவில்லை!

எப்படிக் கிடைப்பார்கள்? உள்நோயாளிகளின் குறிப்புகளை டாக்டர்கள் 3 வருடம் வைத்திருந்தால் போதும் என்கிறது 2002-ம் வருட மருத்துவக் கவுன்சில் விதி. மூட்டோ பதினைந்து, இருபது வருடம் உடம்பில் இருக்கிறது. ஆஸ்பத்திரி பைல் குப்பைக்குப் போன பிறகு, 'எனக்கு வைத்தது இந்த மூட்டுதான்' என்று எதைக் காட்டி நிரூபிப்பது?

என் வீட்டுக்காரரும் ராணுவத்தில் இருந்தவர்தான். அவருக்கு இடுப்பு மூட்டு மாற்றியபோது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் ஸ்டிக்கர் கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா? எங்க பைல்ல இருக்கும்" என்றார்கள். விடாமல் நின்று டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டி வாங்கினேன். இ.சி.எச்.எஸ்.சுக்குப் பில் அனுப்பும்போது ஸ்டிக்கரையும் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். அவர்கள் பணம் வாங்க ஸ்டிக்கர் வேண்டும். உடம்பில் சுமக்கிறவருக்கு வேண்டாமா? என்ன நியாயம் இது?

சரி, நஷ்டஈடு கேட்க என்ன வழி? 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருள் கெடுதல் செய்தால் தயாரித்தவர், விற்றவர் மீது வழக்குப் போட இடம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. ஆனால் 2 வருடத்துக்குள் மனுக் கொடுக்கவேண்டும். கணவர் காலமாகிவிட்டாலும் வாரிசாக மனைவி கேட்கலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று பயப்படவேண்டாம். பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. கருவியால் தொந்தரவு என்றால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் புகாரும் பதியலாம்.

'ராணுவத்தை எதிர்த்து ஜெயிக்க முடியுமா' என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2002-ல் ஜம்மு பக்கம் சாம்பாவில் ராணுவ ஆஸ்பத்திரியில் ஒரு விமானப்படை வீரருக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. அவருக்கே தெரிந்தது 2014-ல். தேசிய நுகர்வோர் ஆணையம் தள்ளுபடி செய்தும் விடவில்லை மனிதர். 2023 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் அவருக்கு 1 கோடியே 54 லட்சத்து 73 ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொன்னது.

ஆனால் வெள்ளிமலையில் இருந்து கச்சிராயப்பாளையம் இறங்கி, கள்ளக்குறிச்சிக்கு பஸ் மாறி வருகிற ஒரு கல்வராயன்மலைப் பெண்மணியை நினைத்துப் பாருங்கள். ஊர் ஊராக ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் அலைந்து அவரால் பழைய பேப்பரைத் தேடமுடியுமா? வித்தவர்கள்தான் வாங்கியவரைத் தேடிவர வேண்டுமே தவிர, வலியோடு இருப்பவர் விற்றவரைத் தேடி ஓடக்கூடாது. கருவி உடம்பில் இருக்கும்வரை அதன் விவரத்தை ஆஸ்பத்திரி வைத்திருக்கவேண்டும் என்று விதியை மாற்றவேண்டும். கையில் இருக்கும் பில்களை வைத்தே இ.சி.எச்.எஸ். ஒரு பட்டியல் போடலாம். எந்தக் கருவியையாவது திரும்பப் பெற்றால் வீட்டுக்கு ஒரு கடிதம் போடலாமே! பென்ஷன் விஷயத்துக்குக் கடிதம் வருகிறபோது இதற்கு வராதா? கலெக்டர் நடத்தும் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் கூட்டத்தில் நாமே இதைக் கேட்கலாம்.

அது நடக்கிறபோது நடக்கட்டும். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே முடிந்திருந்தால் எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் நகல் தரவேண்டும் என்பது விதி. அரசு, ராணுவ ஆஸ்பத்திரி என்றால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டியும் கேட்கலாம். இரண்டு ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை மகளிடமோ மருமகளிடமோ கொடுத்து வையுங்கள்.

எல்லையில் நின்ற மனிதருக்கு வீட்டில் நாம் செய்யக்கூடிய காவல் இது!

- முன்னாள் ராணுவ வீரரின் மனைவி, கள்ளக்குறிச்சி