நீல விளக்கும் பாலாற்றுத் தீர்ப்பும்

தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றை மாசுபடுத்திய வழக்கில் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அளித்த தீர்ப்பை வரவேற்கிறோம். அரசு முதலில் இழப்பீடு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைய வேண்டும். இவை அந்தத் தீர்ப்பின் உத்தரவுகள். 1996-ல் இதே மாசு குறித்து உச்ச நீதிமன்றத்தின் குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொல்லி 28 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் ஆறு அப்படியேதான் கிடக்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் டேட்டா லாகரையும் சர்வரையும் பராமரிக்கும் நமக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் ஆன்லைன் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. ஃப்ளோ மீட்டரும் கேமராவும் அனுப்பும் பதிவு இனி வெறும் அறிக்கையாக இருக்காது, சாட்சியமாகும். சாட்சியத்தைச் சுமக்கும் சர்வர் பெட்டியின் விளக்கையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

கோளாறு இல்லாதபோது முகப்பு விளக்கு டெல் சர்வரில் நிலையான நீலம், ஹெச்.பி.இ. சர்வரில் நிலையான பச்சை. இரண்டும் பெட்டி தன்னைப் பற்றிச் சொல்வது மட்டுமே. சென்சாரில் சேறு படிந்திருந்தாலும் அந்த விளக்கு அப்படியேதான் எரியும். ஆய்வு வருகிறது என்றதும் ஈவன்ட் லாகை அழித்து, கோளாறைக் காட்டும் ஆரஞ்சை நீலமாக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இதை இந்த இதழ் வன்மையாகக் கண்டிக்கிறது. டிரைவ் விளக்கு பச்சை, ஆரஞ்சு, பிறகு அணைவு என்று மாறி மாறி வந்தால், டிரைவ் சாகப் போகிறது என்று பொருள். அந்த எச்சரிக்கை வந்த நேரம் லாகில் இருந்தால்தான், டேட்டா அறுந்தது கோளாறால்தான், யாரும் கை வைத்ததால் அல்ல என்று நாளை நிரூபிக்க முடியும்.

ஆனால் டிரைவும் மதர்போர்டும் இங்கே ஏன் இத்தனை சீக்கிரம் சாகின்றன? தோல் பதனிடும்போது வரும் சுண்ணாம்புத் தொட்டியின் சல்பைடு கழிவும் பிக்கிள் அமிலக் கழிவும் சமன்படுத்தும் தொட்டியில் கலக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு கிளம்புகிறது. அழுகிய முட்டை வாடை என்று மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். சர்வர் விசிறி அதே காற்றை இரவும் பகலும் உள்ளே இழுக்கிறது. ரெசிஸ்டர் முனையிலுள்ள வெள்ளி கறுத்து, உள்ளுக்குள்ளேயே அறுகிறது. அறுந்து முடியும் வரை முகப்பில் நீலம்தான். கருவி அறைக் காற்றின் அரிப்புத் தன்மையை வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஏ. 71.04 தரத்தின் மிதமான ஜி1 வகுப்பில் செம்பின் அரிப்பு மாதத்துக்கு 300 ஆங்ஸ்ட்ராமுக்குள், வெள்ளியின் அரிப்பு 200-க்குள் இருக்க வேண்டும். நம் அறைகளில் அதை அளந்தவர் யார்? டேட்டா நின்றால் நோட்டீஸ் வருகிறது. நோட்டீஸ் அனுப்புகிறவர்கள் அந்த அறைக் கதவைத் திறந்து, காற்று எப்படி இருக்கிறது என்று கேட்டதை நாங்கள் கண்டதில்லை. இருபத்துநான்கு மணி நேரமும் டேட்டா வேண்டும், அதை அனுப்பும் கருவி மட்டும் எந்த நாற்றத்தில் கிடந்தாலும் சரி என்பது என்ன நியாயம்? கடைசியில் பழி, சொற்பச் சம்பளத்துக்கு இரவுப் பணி பார்க்கும் டெக்னீஷியன் தலையில் விழுகிறது.

தீர்ப்பு சொன்ன கண்காணிப்புக் குழு இந்த அறைகளின் காற்றையும் தணிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதுவரை நண்பர்களே, லாகை வெளியே நகலெடுக்காமல் அழிக்காதீர்கள். ஆரஞ்சு எரிந்தால் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். ரேக் அருகே செம்பு, வெள்ளிச் சோதனைத் தகடு ஒன்றைத் தொங்கவிட்டு, மாதம் முடிந்ததும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.