வளரும் சுவர்களும் விழித்திருக்கும் கண்களும்



நம் தெருவில் யாரேனும் வீடு கட்டத் தொடங்கினால், அதை எட்டிப் பாராமல் நம்மால் இருக்க முடிவதில்லை. பள்ளிக்குப் போகும்போது கடைக்கால் தோண்டிக் கிடக்கும். அரையாண்டுப் பரீட்சை முடிவதற்குள் சுவர் ஆள் உயரம் வந்திருக்கும். விடுமுறை கழிந்து திரும்பினால் கூரைக்குக் கம்பி கட்டிக்கொண்டிருப்பார்கள். "இன்னும் சன்னல் வைக்கவில்லையே!", "தை மாதத்திற்குள் பால் காய்ச்சிவிடுவார்களா?" என்று, அந்த வீட்டில் குடியேறப் போகாத நாம் கவலைப்படுவோம். பெரியவர்கள் இதனை வேலையற்ற வேலை என்பார்கள். ஆனால் இந்த வேலையற்ற வேலையை ஒழுங்காகவும் பொறுப்பாகவும் செய்தால், அது ஒரு பொதுத் தொண்டாகிவிடும் என்பது என் தாழ்மையான கருத்து. இதற்குச் சான்றாக, ஜெர்மனி நாட்டில் எழுந்த ஒரு மாபெரும் மின்சாரக் கார்த் தொழிற்சாலையின் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

பெர்லின் நகருக்குத் தென்கிழக்கே, பிராண்டன்பர்க் மாநிலத்தில், கிரூன்ஹைடே என்றோர் ஊர் உள்ளது. சுற்றிலும் பைன் மரக் காடுகளும் ஏரிகளும் நிறைந்த ஊர். அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனத் தலைவரான ஈலான் மஸ்க், 2019 நவம்பர் 12 அன்று, ஐரோப்பாவுக்கான தம் பெரிய தொழிற்சாலை பெர்லினுக்கு அருகில் அமையும் என்று அறிவித்தார். அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் கிரூன்ஹைடே. நிலம் ஏறத்தாழ 300 ஹெக்டேர்; அதாவது 740 ஏக்கர் அளவு. முதற்கட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் கார்கள் வரை செய்வது திட்டம். 2021 ஜூலையில் உற்பத்தி தொடங்கும் என்றும் சொல்லப்பட்டது. காடு நிற்கும் இடத்தில் இரண்டாண்டுகள் நிறைவதற்குள் கார் ஓடும் என்றால், யார்தாம் வியக்கமாட்டார்கள்?

வியந்ததோடு நில்லாமல், அதைக் கண்காணிக்கத் தொடங்கினார்கள் சிலர். அவர்கள் அரசு அதிகாரிகளும் அல்லர்; நிறுவனத்தின் ஊழியர்களும் அல்லர். ஆர்வமுள்ள சாதாரண மனிதர்கள். ட்ரோன் என்னும் ஆளில்லாச் சிறு பறக்கும் கருவியில் காமிராவைப் பொருத்தி, வாரந்தோறும் கட்டட வேலையைப் படம் பிடித்து, தேதியோடு உலகத்தின் முன் வைத்தார்கள். வானிலிருந்து மற்றொரு கண்ணும் அந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐரோப்பிய நாடுகளுக்குச் சொந்தமான சென்டினல்-2 என்னும் இரட்டைச் செயற்கைக் கோள்கள், ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு ஒருமுறை பூமியின் அதே பகுதியைப் படமெடுக்கின்றன. அந்தப் படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். அவற்றில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர். ஒரு தூண் எழுந்ததை அப்படம் காட்டாது. ஒரு காடு போனதைக் காட்டிவிடும். தூணை எண்ணுவதற்கு ட்ரோன், காட்டை அளப்பதற்குச் செயற்கைக் கோள் என்று இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாயின.

அவர்கள் கண்டது என்ன? 2020 ஜனவரியில், இரண்டாம் உலகப் போரில் வீசப்பட்டு வெடிக்காமல் மண்ணுக்குள் கிடந்த 7 குண்டுகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. பிப்ரவரியில் ஏறத்தாழ 90 ஹெக்டேர் பரப்பில் மரங்கள் வெட்டப்பட்டன. நடுவில் நீதிமன்றம் கோடரிக்குத் தடை விதித்தது. சில நாட்களில் பிப்ரவரி 20 அன்று தடையை நீக்கியது. கோடையில், வேறிடத்தில் வார்த்துக் கொண்டுவரப்பட்ட கான்கிரீட் தூண்கள் வரிசை வரிசையாக எழுந்தன. தூண்களின்மேல் உத்தரங்கள், உத்தரங்களின்மேல் கூரை, பிறகு பக்கச் சுவர்கள். சென்ற வாரப் படத்தையும் இந்த வாரப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஏழு நாளில் மனித உழைப்பு என்ன செய்யும் என்பது சொல்லாமலே விளங்கியது.

இதில் என்ன பெருமை என்று சிலர் கேட்கலாம். பெரிய நிறுவனங்கள் வாக்குறுதி தருகின்றன. அரசாங்கங்கள் அறிக்கை தருகின்றன. வாக்குறுதியில் உள்ள தேதியும், களத்தில் உள்ள நிலையும் ஒன்றாக இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க, எந்தப் பக்கமும் சாராத ஒரு குறிப்பேடு வேண்டும். ஒரே இடத்திலிருந்து, ஒரே இடைவெளியில், தேதி தவறாமல் எடுத்த படங்களே அந்தக் குறிப்பேடு. அதை வைத்துக்கொண்டு ஆதரிப்பவரும் பேசலாம், எதிர்ப்பவரும் பேசலாம். இருவரும் ஒரே உண்மையைப் பற்றிப் பேசுவார்கள்.

ஆனால், தோழியரே, கதை இங்கே முடிந்துவிடவில்லை. "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் பெரியோர் சொன்னதன் பொருள் இனிமேல்தான் விளங்கும்.

2021 ஜூலை வந்தது. மேலிருந்து பார்த்தவர்களுக்குத் தொழிற்சாலை பெரும்பாலும் முடிந்துவிட்டது போலவே தோன்றியது. ஆயினும் கார் வரவில்லை. அக்டோபர் 9 அன்று பொதுமக்களை அழைத்துத் திருவிழா நடத்தினார்கள். அப்போதும் விற்பனைக்குக் கார் வரவில்லை. காரணம் என்ன? தடை சுவரில் இல்லை, காகிதத்தில் இருந்தது. ஜெர்மானியச் சட்டப்படி, முழு அனுமதி கிடைப்பதற்கு முன்பே, முன் அனுமதி பெற்று, சொந்தப் பொறுப்பில் கட்டடத்தைத் தொடங்கலாம். இறுதி அனுமதி மறுக்கப்பட்டால் எல்லாவற்றையும் இடித்து, நிலத்தைப் பழையபடி ஆக்கித் தரவேண்டும். இப்படி 19 முன் அனுமதிகளைக் கொண்டே அந்தத் தொழிற்சாலை எழுந்தது. மின்கலம் செய்யும் பிரிவையும் சேர்த்து 2021 ஜூன் மாதத்தில் விண்ணப்பம் மாற்றப்பட்டதால், மக்களின் கருத்தை மீண்டும் கேட்க வேண்டியதாயிற்று. இறுதி அனுமதி கிடைத்தது 2022 மார்ச் 4 அன்று. அவ்வாண்டு மார்ச் 22 அன்று, அன்றைய ஜெர்மானியப் பிரதமர் ஓலாப் ஷோல்ஸ் முன்னிலையில், முதல் 30 கார்கள் உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. சொன்ன தேதிக்கும் நடந்த தேதிக்கும் எட்டு மாத இடைவெளி. அந்த எட்டு மாதத்தின் காரணத்தை எந்த ட்ரோனும் படம் பிடித்திருக்க முடியாது.

இதைவிடப் பெரிய பாடத்தை, அதே பெர்லினைச் சேர்ந்த விமான நிலையம் முன்னரே கற்பித்திருந்தது. 2006 இல் வேலை தொடங்கிய அந்தப் புதிய விமான நிலையம், 2012 ஜூன் 3 அன்று திறக்கப்படும் என்று நாள் குறிக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் கட்டடம் கம்பீரமாக நின்றது. ஆனால் திறப்புக்கு நான்கு வாரங்கள்கூட இல்லாத நிலையில், மே 8 அன்று, திறப்பு விழா இல்லை என்று அறிவித்தார்கள். தீப்பற்றினால் புகையை வெளியேற்றிப் பயணிகளைக் காக்க வேண்டிய ஏற்பாடு சரியாக அமையவில்லை என்பதே முதன்மையான காரணம். திருத்தித் திருத்தி, கடைசியில் அது திறக்கப்பட்டது 2020 அக்டோபர் 31 அன்று. அச்சமயம் சில மைல் தொலைவில் கிரூன்ஹைடேயின் தூண்கள் எழுந்து நின்றன. சுவர் எழும்புவது மட்டுமே முன்னேற்றமானால், அந்த விமான நிலையம் எட்டாண்டுகள் பூட்டிக் கிடந்திருக்க வேண்டியதில்லை அல்லவா?

ஆகவே, முன்னேற்றத்தைக் கணக்கெடுப்பவர் சுவருக்கு ஒரு பக்கமும் அனுமதிக்கு ஒரு பக்கமும் ஒதுக்க வேண்டும். அதோடு போதுமா? போதாது. மண்ணுக்கும் நீருக்கும் இன்னொரு பக்கம் வேண்டும்.

கிரூன்ஹைடேத் தொழிற்சாலை நிலத்தின் ஒரு பகுதி, குடிநீர்ப் பாதுகாப்பு எல்லைக்குள் இருக்கிறது. மழை குறைந்த மாநிலம் அது. தொழிற்சாலைக்கு ஆண்டுக்கு 14 லட்சம் கன மீட்டர், அதாவது 140 கோடி லிட்டர் தண்ணீர் வரை தர ஒப்பந்தமாயிற்று. "எங்கள் கிணறுகள் என்னாகும்?" என்று ஊரார் கேட்டனர். 2020 செப்டம்பரில் பக்கத்து ஊரான எர்க்னரின் மண்டபத்தில், 400-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் நாட்கணக்கில் விசாரிக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில், குளிர்கால உறக்கத்திலிருக்கும் பல்லியினங்களுக்காகவும் பாம்புகளுக்காகவும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் நீதிமன்றம் சென்று, ஒரு பகுதி மரங்களை வெட்டாமல் நிறுத்தினார்கள். நிறுவனத்துக்கு இறுதி அனுமதி கிடைத்த அதே 2022 மார்ச் 4 அன்று, அப்பகுதி நீர் நிலையம் ஒன்றுக்குக் கூடுதல் நீர் எடுக்க அளித்த அனுமதியில், பொதுமக்களின் கருத்தைக் கேளாத குறை இருப்பதாக நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வானத்துப் படத்தில் கூரை பளபளத்தது. கூரைக்குக் கீழே, மண்ணுக்கும் கீழே ஓடும் நீர் அந்தப் படத்தில் இல்லை.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். வெட்டப்பட்டது பழங்காடு அன்று; பெரும்பாலும் மரத்தேவைக்காக ஒரே இனமாக நட்டு வளர்த்த பைன் தோப்பு. ஈடாக வேறு இடங்களில் மரம் நடும் கடமையும் நிறுவனத்துக்கு இருந்தது. மின்சாரக் கார் ஓடும்போது புகை கக்குவதில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலையும் கிடைத்தது. இவற்றை மறைத்து, நிறுவனம் என்றாலே தீமை என்று எழுதுவது எளிது. ஆனால் அது கண்காணிப்பு ஆகாது, வெறும் கசப்பு. அதுபோலவே, தூண் எழும்போதெல்லாம் கைதட்டிவிட்டு, நீரைப் பற்றிக் கேட்பவரை முன்னேற்றத்தின் எதிரி என்று ஏசுவதும் கண்காணிப்பு ஆகாது. கண்காணிப்பவர் தம் விருப்பத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கண்டதைக் கண்டவாறு எழுதவேண்டும். "அடுத்த மாதம் முடிந்துவிடும்" என்று தாம் சொன்னது தவறானால், அத்தவற்றையும் அதே குறிப்பேட்டில் எழுதவேண்டும்.

பிறர் இடத்தை இப்படி எட்டிப் பார்ப்பது முறைதானா என்னும் கேள்வியும் எழும். நியாயமான கேள்வி. உழைப்பாளியின் முகத்தை உற்றுப் படமெடுப்பதும், விதியை மீறிப் பறப்பதும் தவறே. ஆனால் பொது நீரும், பொதுக் காற்றும், ஒரு மாநிலத்தின் எதிர்காலமும் சம்பந்தப்பட்ட ஒரு பெருங்கட்டடம், அண்டை வீட்டுச் சமையலறை போன்றது அன்று. அதைக் கேள்வி கேட்க ஊராருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை அவர்கள் பயன்படுத்தியும் காட்டினார்கள். தொழிற்சாலையை விரிவாக்க இன்னும் ஏறத்தாழ 100 ஹெக்டேர் காட்டை எடுக்கலாமா என்று 2024 பிப்ரவரியில் கிரூன்ஹைடே மக்களிடம் வாக்கெடுத்தபோது, வாக்களித்தவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றனர். அந்த வாக்கு சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தவில்லை. ஆயினும் காட்டின் தேவையைப் பாதியளவு குறைத்துத் திட்டம் திருத்தப்பட்டது. மே மாதம் ஊர் மன்றம் அதை ஏற்றது. முழு வெற்றி எவருக்கும் இல்லை. ஆனால் கேள்வி கேட்டிராவிட்டால் அந்தப் பாதிக் காடும் நின்றிருக்காது.

தோழியரே, நமக்கு ட்ரோன் வேண்டியதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். நம் ஊரில் பாலமோ, மருத்துவமனையோ, தொழிற்சாலையோ கட்டத் தொடங்கினால், வாரம் ஒருநாள், ஒரே இடத்தில் நின்று, கண்டதை எழுதுவோம். இடப்பக்கத் தாளில் எழுந்ததை எழுதுவோம். வலப்பக்கத் தாளில் அதற்காகப் போனதை எழுதுவோம். எத்தனை தூண், எத்தனை மரம், எந்தக் கிணற்றில் எத்தனை அடித் தண்ணீர் என்று எழுதுவோம். முடியும் என்று பலகையில் எழுதிய தேதியையும் மறவாமல் குறித்துக்கொள்வோம். பெற்றோர்களே, உங்கள் பெண் கட்டட வேலை நடக்கும் இடத்தைச் சாலையோரம் நின்று பார்த்துக் கேள்வி கேட்டால், "உனக்கேன் இந்த வம்பு?" என்று அதட்டாதீர்கள். நாளை பொறியாளராகவோ, நீதிபதியாகவோ, ஊராட்சித் தலைவியாகவோ அவள் கையெழுத்திட வேண்டிய காகிதம் ஒன்று அவள் முன் வரும். அப்போது, நோட்டின் வலப்பக்கத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்திடும் பழக்கம் அவளுக்கு இருக்கும்.