பாரோஸ்: அப்பர் நம்மளுது, சோல் யாருது?

2023 ஜனவரியில ஐஐடி மெட்ராஸ்ல இருந்து 'பாரோஸ்'னு ஒரு மொபைல் ஓஎஸ் வந்துச்சே, ஞாபகம் இருக்கா மக்களே? ஐஐடியோட பிரவர்த்தக் அமைப்பு வளர்த்துவிட்ட ஜேஅண்ட்கே ஆபரேஷன்ஸ்ங்கிற கம்பெனி செஞ்சது. அந்த மாசமே மத்திய அமைச்சர்கள் தர்மேந்திர பிரதானும் அஸ்வினி வைஷ்ணவும் சோதிச்சுப் பார்த்தாங்க. உடனே ரெண்டு கோஷ்டி. "சுதேசி ஓஎஸ்!"னு ஒண்ணு. "அட போங்கப்பா, ஆண்ட்ராய்டுக்கு புதுச் சட்டை"ன்னு இன்னொண்ணு.

ரெண்டுமே தப்பான சண்டைங்கறது என் கட்சி.

அடித்தளம், கூகுள் வெளியிடுற ஓப்பன் சோர்ஸ் ஆண்ட்ராய்டுதான். அதுக்கும் கீழ லினக்ஸ். இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைல பச்சைத்தோல் எங்கெங்கிருந்தோ வரும். 1970-கள்ல சீதாராமையா கமிட்டிக்கு அப்புறம், அரைப் பதத்துல தோலை ஏத்துமதி பண்றதைக் குறைச்சு, ஃபினிஷ்டு லெதர், ஷூன்னு இந்த ஊர்கள் மேல ஏறினதே, காசு ஃபினிஷிங்லதான் இருக்குங்கறதாலதான். ஷூ வாங்குறவங்க பார்க்கறது தரம், சொன்ன தேதி, அடுத்த சீசன்லயும் அதே தரம். ஓஎஸ்ஸுக்கும் அதே அளவுகோலை வைப்போம்.

மொதல்ல நல்லது. பாரோஸ்ல, நாம கேக்காத ஆப் எதுவும் முன்கூட்டியே இருக்காது. சின்ன விஷயம் இல்ல. ஆண்ட்ராய்டு விவகாரத்துல போட்டி ஆணையம் 2022 அக்டோபர்ல கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டதுக்கு, ஆப்களைக் கட்டாயமா திணிச்சதும் ஒரு காரணம். அடுத்தது, நிறுவனத்துக்குன்னு தனி ஆப் ஸ்டோர். சரிபார்த்த ஆப் மட்டும்தான் உள்ள வரும். புது ஷூ டிசைனும் விலையும் ஃபோன்லயே சுத்துற ஒரு ஏத்துமதி ஆபீஸுக்கு இது தங்கமான விஷயம்.

இப்ப கெட்டது. சரிபார்க்கறது யாரு? கூகுள் வாசல்ல இருந்து தப்பிச்சு இன்னொருத்தர் வாசல்ல நிக்கறோம், அவ்ளோதான். ரெண்டாவது, அப்டேட். 2025-ல இருந்து ஆண்ட்ராய்டு வேலை முழுக்க கூகுளோட மூடின கதவுக்குள்ள நடக்குது; வெளியிடும்போதுதான் சோர்ஸ் நம்ம கைக்கு வரும். மேல கட்டுறவங்க அதை வருஷக்கணக்குல துரத்திக்கிட்டே இருக்கணும்.

மூணாவதுதான் பெருசு: ஆப். 2014-ல இன்டெக்ஸ் 1,999 ரூபாய்க்கு ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் ஃபோன் விட்டுச்சு. விலை சூப்பர், வாட்ஸப் கிடையாது. அந்த ஓஎஸ்ஸே ரொம்ப நாள் நிலைக்கல. இன்னைக்கு வாட்ஸப்போட யூபிஐயும் வேணும். பல பேங்க் ஆப், ஃபோனுக்கு கூகுள் சான்றிதழ் இருக்கான்னு பார்த்துட்டுதான் கதவைத் திறக்கும். ஷூ கம்பெனில தையல் மெஷின்ல உக்கார்ற அக்காவுக்கு இருக்கறது ஒரே ஃபோன். சம்பளம் வந்துச்சான்னு பார்க்கறதும் அதுலதான், மளிகைக் கடைக்கு ஸ்கேன் பண்றதும் அதுலதான். அவங்ககிட்ட போய் ப்ரைவசி பத்தி லெக்சர் அடிச்சா, "பணம் போகுமா தம்பி?"ன்னுதான் கேப்பாங்க. நியாயமான கேள்வி.

ஆக, ஆபீஸ் ஃபோனுக்கு பாரோஸ் மாதிரி ஓஎஸ் சரி. அந்த அக்காவோட ஃபோனுக்கு, யூபிஐ ஓடாத வரைக்கும் வேணாம்.

இது தொழில்நுட்பத்தால தீராத சிக்கல்னு நினைக்காதீங்க. ஃபோனோட சிப்பே "இந்த ஓஎஸ் கலப்படம் இல்லாதது"ன்னு சாட்சி சொல்ற வசதி ஆண்ட்ராய்டுல ஏற்கெனவே இருக்கு. கூகுள் சான்றிதழுக்குப் பதிலா அந்த சாட்சியை பேங்குகள் ஏத்துக்கலாம். அமைச்சர்கள் ஃபோனைத் தட்டிப் பார்த்ததைவிட, ரிசர்வ் பேங்க் இதுக்கு ஒரு உத்தரவு போட்டா சுதேசி ஓஎஸ்ஸுக்கு நூறு மடங்கு உதவி. அது இல்லாம எத்தனை ஓஎஸ் செஞ்சாலும், அப்பர் நம்மளுது, சோல் கூகுளுதுதான்.

டிஸ்கி: 'பரோஸா'ன்னா நம்பிக்கை. உருது புழங்குற ஆம்பூர்ல இதுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்ல. நம்பிக்கையை பேருல வைக்கலாம், ஆனா அதை மாசாமாசம் அப்டேட் விட்டுத்தான் சம்பாதிக்கணும். ஐஐடிக்காரங்க யாரும் ஆட்டோ அனுப்பிடாதீங்கப்பு!