தோட்ட வாயிலில் நின்றுவிடும் திட்டங்கள்

பிரதேச சபையொன்றின் நான்காண்டுத் திட்டத்தில் எது முதலிடம் பெறுகின்றது என்பது, அதனைத் தயாரிக்கும் மேசையில் யார் அமர்கின்றார்கள் என்பதைப் பொறுத்ததாகும். தோட்டங்களும் கிராமங்களும் கலந்துள்ள கஹவத்தையில் இது வெளிப்படை.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆவது பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்கு நீண்டகாலம் தடையாக விளங்கியது. வாக்குக் கேட்டு லயன்களுக்கு வந்தவர்கள், பாதை கேட்டபோது சட்டத்தைக் காட்டினர். 2018 இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. ஆயினும், காணி கம்பனிகளின் குத்தகையில் இருப்பதால் நிர்வாகத்தின் இணக்கமின்றிச் சபைகளால் அசைய முடிவதில்லை. போதாக்குறைக்கு, 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிவடைந்த சபைகளுக்கு 2025 மே மாதமே தேர்தல் நடைபெற்றது. இடைப்பட்ட ஈராண்டுகளும் அதிகாரிகளின் காலமாகவே கழிந்தன.

இப்போது பிரதிநிதிகள் இருக்கின்றனர், சாக்குக்கு இடமில்லை. 2017 மே மாத மண்சரிவுகளை இரத்தினபுரி மாவட்டம் மறந்திருக்காது. சரிவில் நிற்கும் லயன்களும் குடிநீரும் நகர அலங்காரத்திற்கு முன்னர் பட்டியலில் இடம்பெற வேண்டும். மக்கள் கருத்தறியும் கூட்டங்களை வேலைநாளில் வைத்தால் கொழுந்து பறிக்கும் பெண்கள் நாட்சம்பளத்தை இழந்தே வரவேண்டும். எனவே அவற்றை ஞாயிற்றுக்கிழமைகளில், தோட்டங்களிலேயே நடத்துமாறும், வரவுசெலவுத் திட்ட வரைவை நிறைவேற்றுவதற்கு முன்னரே தமிழிலும் வெளியிடுமாறும் சபையை நாம் கேட்டுக்கொள்கின்றோம்.