டிராக்டர் பழகும் பையனுக்கு முதல் பாடம் நிறுத்துவது

உழவு நெருக்கும் நாட்களில் டிராக்டருக்கு நல்ல ஓட்டுநர் கிடைப்பது அரிதாகிவிட்டது. கிடைத்தாலும் கூலி கட்டுபடியாவதில்லை. ஆகவே, சொந்த டிராக்டர் வைத்திருக்கும் உழவர்கள் பலர் பதினான்கு, பதினைந்து வயதுப் பையனையே இருக்கையில் ஏற்றிவிடுகிறார்கள். இரண்டு நாள் மட்கார்டின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பையன் மூன்றாம் நாள் ஓட்டுகிறான். சில வாரங்களில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு சாலைக்கும் வந்துவிடுகிறான். "யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானே பழகிக்கொண்டான்" என்று தகப்பனார் பெருமைப்படுகிறார். பெருமைப்பட வேண்டிய செய்தி அல்ல இது. டிராக்டர் தானே பழகிக்கொள்ளும் இயந்திரம் அல்ல. அதை முறையாகச் சொல்லிக் கொடுப்பது தகப்பனாரின் கடமை.

காளை வேறு, இயந்திரம் வேறு

"நாங்கள் பத்து வயதில் மாட்டு வண்டி ஓட்டவில்லையா?" என்று பெரியவர்கள் கேட்பது உண்டு. ஓட்டினார்கள் என்பது உண்மைதான். ஆனால் காளைக்கு உயிர் உண்டு, பயம் உண்டு. கிணற்று மேட்டைக் கண்டால் அது ஒதுங்கும். ஓட்டுபவன் கண்ணயர்ந்தாலும் பழகிய தடத்தில் வீடு வந்து சேரும். டிராக்டருக்கு இந்த அறிவு கிடையாது. ஓட்டுபவன் தவறினால் தடுக்க வேறு யாரும் இல்லை.

மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்த பையன் டிராக்டரையும் ஓட்டிவிடுவான் என்பதும் தவறான எண்ணமே. மோட்டார் சைக்கிளில் முறுக்கிய கையைத் தளர்த்தினால் வேகம் குறையும். டிராக்டரில் கை ஆக்ஸிலரேட்டரை ஓரிடத்தில் வைத்தால் அது அங்கேயே நிற்கும். பையன் பயந்து கையையும் காலையும் எடுத்துவிட்டாலும் டிராக்டர் போய்க்கொண்டேதான் இருக்கும். நிறுத்த வேண்டுமானால் அவன் ஏதாவது செய்தாக வேண்டும். பதற்றத்தில் அது நினைவுக்கு வராது. கைகால் பழகியிருந்தால்தான் வரும்.

கற்பிப்பவருக்கு இருக்கை இல்லை

கார் ஓட்டக் கற்பிக்கும் பள்ளிகளின் வண்டியில் ஆசிரியரின் காலடியிலும் பிரேக் இருக்கும். மாணவன் தவறினால் அவர் மிதித்துவிடுவார். டிராக்டரில் ஒருவருக்குத்தான் இருக்கை. தகப்பனார் மட்கார்டில் உட்கார்ந்தாலும், பின்னால் கொக்கிச் சட்டத்தில் நின்றாலும், டிராக்டரை நிறுத்த அவரால் இயலாது. ஒரு குலுக்கலில் அவரே சக்கரத்தின் கீழோ கலப்பையின் கீழோ விழக்கூடும்.

ஆகவே டிராக்டரைப் பொறுத்தவரை பாடத்தின் பெரும்பகுதி என்ஜினைக் கிளப்புவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஓட ஆரம்பித்த பின் திருத்திக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

சட்டம் சொல்வது

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர் பொது இடத்தில் டிராக்டர் ஓட்டக் கூடாது. ஊர்ச் சாலையும் பொது இடமே. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரும் வண்டியின் உரிமையாளரும் குற்றவாளிகளாகக் கருதப்படுவர். மூன்று ஆண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பையனுக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. விபத்தில் மூன்றாமவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீடு கொடுத்தாலும், ஓட்டியவரிடம் உரிமம் இல்லையென்றால் அந்தத் தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலிக்க இடமுண்டு. ஒரு நடை கரும்போ நெல்லோ ஏற்றி மிச்சப்படுத்திய கூலிக்காக நிலத்தையே விற்கும் நிலை வரலாம்.

சொந்த வயல் பொது இடம் அல்ல என்று சிலர் வாதிடுவார்கள். வாதம் சரியாக இருக்கலாம். ஆனால் கவிழும் டிராக்டர் சாலை எது, வயல் எது என்று பார்ப்பதில்லை. பதினாறு வயதுக்கு முன் பையனை இருக்கையில் ஏற்றவே வேண்டாம். பதினாறிலிருந்து பதினெட்டு வரை, பெரியவர் பார்வையில், சொந்த வயலோடு நிறுத்திக்கொள்ளலாம். சாலை, உரிமம் பெற்ற பிறகே.

பாடத்தின் வரிசை

பதினாறு வயதுக்கு முன்பு பையன் கற்க வேண்டியது பராமரிப்பு. என்ஜின் ஆயில் மட்டம், ரேடியேட்டர் தண்ணீர், டயர் காற்று, கொக்கி ஊசி ஆகியவற்றை நாள்தோறும் பார்க்கப் பழக்கலாம். இயந்திரத்தைத் துடைத்துப் பழகியவன் அதை முரட்டுத்தனமாக ஓட்டமாட்டான்.

அடுத்து, என்ஜின் ஓடாத நிலையில் இருக்கையில் அமர்த்தி, கிளட்ச், இரண்டு பிரேக்குகள், கியர், கை ஆக்ஸிலரேட்டர், என்ஜினை நிறுத்தும் குமிழ் அல்லது சாவி ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். இடது, வலது பிரேக்குகள் தனித்தனியே வேலை செய்வது வயலில் திரும்புவதற்காக. சாலையில் அவற்றை இணைத்துப் பூட்டாமல் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும். இதை அப்போதே மனத்தில் பதிய வைக்க வேண்டும்.

அதன் பிறகு, கருவி எதுவும் மாட்டாமல், காய்ந்த சமதள வயலில், தாழ்ந்த கியரில், குறைந்த வேகத்தில் ஓட்டச் செய்யலாம். கற்பிப்பவர் முன்னாலும் நிற்கக் கூடாது, பின்னாலும் நிற்கக் கூடாது. பையன் பார்க்கும்படி பக்கவாட்டில், எட்ட நிற்க வேண்டும். கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும். கற்பிப்பவர் கண்ணில் படவில்லை என்றாலும் நிறுத்த வேண்டும். இருபது முறை கை உயர்த்தினால் இருபது முறையும் தடுமாறாமல் நிறுத்துகிறவனுக்குத்தான் அடுத்த பாடம்.

கலப்பை, ரோட்டவேட்டர், டிரெய்லர் எல்லாம் அதற்கும் பின்னால். ரோட்டவேட்டரை இயக்கும் பி.டி.ஓ. தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு ஒன்பது சுற்று சுற்றுகிறது. துண்டோ வேட்டி நுனியோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. செடி கொடி சுற்றிக்கொண்டால், என்ஜினை நிறுத்தி இறங்கிய பின்பே கை வைக்க வேண்டும்.

உயிரைப் பறிக்கும் தவறுகள்

சேற்றில் சக்கரம் புதைந்தால் சில இடங்களில் பின்சக்கரத்தோடு மரக்கட்டையைக் கட்டி முன்னால் எடுக்கப் பார்க்கிறார்கள். சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால் என்ஜினின் விசை டிராக்டரின் முன்பாகத்தைத் தூக்கிவிடும். ஓரிரு விநாடிகளில் டிராக்டர் ஓட்டுபவன் மேலேயே மல்லாந்துவிடும். புதைந்த டிராக்டரைப் பின்னோக்கி எடுத்துப் பார்க்கலாம். வராவிட்டால் மண்ணை வெட்டியோ, வேறு டிராக்டரைக் கொண்டோ எடுப்பதே முறை. சுமையைக் கீழ்க் கொக்கியில் மட்டுமே பூட்ட வேண்டும். அச்சுக்கு மேலே சங்கிலி கட்டி இழுத்தாலும் இதே கதிதான்.

உயர்ந்த வரப்பைச் சாய்வாகக் கடக்கக் கூடாது. வெட்டித் தணித்து, நேராகக் கடக்க வேண்டும். சுவர் கட்டாத கிணற்றின் ஓரத்து மண் எடை தாங்காது என்பதைச் சொன்னால் மட்டும் போதாது. தள்ளிக் கழி நட்டு எல்லை காட்ட வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும் கிளட்சை மிதிப்பதும் கூடாது. பாரமுள்ள டிரெய்லர் பின்னாலிருந்து டிராக்டரைத் தள்ளிவிடும்.

சுவீடன் நாட்டில் 1959ஆம் ஆண்டிலேயே புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்வுக் காப்புச் சட்டம் கட்டாயமாக்கப்பட்டது. நம் உழவர்களும் டிராக்டர் வாங்கும்போது மேற்கூரையின் அழகைப் பார்ப்பதை விட்டு, உறுதியான காப்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும் உண்டா என்று கேட்க வேண்டும். காப்புச் சட்டம் இருந்தால் பட்டையை மாட்டிக்கொள்வதும் அவசியம்.

எப்போது கற்பிப்பது?

விதைப்பு நெருக்கடியில் கற்பிக்கக் கூடாது. அப்போது தகப்பனாருக்குப் பொறுமை இராது. மகனும் ஏச்சுக்குப் பயந்து, தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்வான். கோடையில் பள்ளிக்கு விடுமுறை. பல ஊர்களில் வயலும் காலியாகக் கிடக்கும். காலையில் அரை மணி நேரம் போதும். மகளுக்கும் கற்பிக்கலாம்; நிதானம்தான் வேண்டுமே தவிர உடல் வலிமை அல்ல.

பதினெட்டு நிரம்பியதும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் காரில் சாலை விதிகளைப் பழகுவது நல்லது. முறையான இயந்திரப் பயிற்சி வேண்டுவோருக்கு, ஆந்திர மாநிலம் அனந்தப்பூர் அருகே கார்லடின்னேயில் மத்திய அரசின் தென்மண்டலப் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கிறது. வட்டாரத்தில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையும் அணுகலாம்.

உழவை விட்டு இளைஞர்கள் விலகுகிறார்கள் என்று கவலைப்படுகிறோம். இயந்திரத்தின் மேல் ஆசை கொண்டு வயலுக்கு வரும் பிள்ளையைத் தடுக்க வேண்டியதில்லை. "அப்பா, நான் ஓட்டட்டுமா?" என்று கேட்கும் மகனிடம், "ஓட்டலாம், முதலில் நிறுத்திக் காட்டு" என்று சொல்ல வேண்டும். அதற்கு ஆகும் ஒரு கோடைக்காலம் வீண் அல்ல.