ஏர் எடுக்கத் தெரிஞ்சவன் வண்டியை ஏன் அழிக்கணும்?

போன வாரம் சென்னையில இருந்து தோட்டத்துக்கு வந்த நண்பர், கொட்டகையில் நிற்கும் என் பழைய 407-ஐப் பார்த்துட்டு, "இன்னுமா சார் இந்த இரும்பை வச்சிருக்கீங்க? ஸ்கிராப்புக்குப் போட்டுட்டு புதுசு எடுங்க, பொல்யூஷனும் குறையும்" என்றார். வந்த விருந்தாளியிடம் சண்டை போட முடியவில்லை. அதனால இங்க போடுறேன்.

போன தக்காளி சீசன்ல ஒருநாள் விடியக்காலை மூணு மணி. வேடசந்தூர் பக்கமிருந்து நூறு பெட்டியோடு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போயிட்டிருந்தோம். பாதி வழியில் வண்டி ரெண்டு தடவை திணறி நின்னுருச்சு. கூட வந்த அக்கா மகன், "மாமா, மெக்கானிக்குக்கு போன் போடவா?" என்றான். "அவர் எந்திரிச்சு வர்றதுக்குள்ள ஏலம் முடிஞ்சிரும். டார்ச்சைப் புடி மாப்ள" என்றேன்.

தப்பு என் மேலதான். டேங்கில் இருந்து வரும் ரப்பர் ஹோஸ் முனையில் வெடிப்பு இருந்ததைப் பார்த்தும் மாத்தாம விட்டிருந்தேன். அது வழியா காத்தை இழுத்திருக்கு. டீசல் லேசில் அமுங்காது, காத்து அமுங்கும். லைன்ல காத்து இருந்தா பம்ப் எவ்வளவு அழுத்தினாலும் நாசில் திறக்காது.

வெடிச்ச முனையை ரெண்டு விரற்கடை வெட்டி, திரும்ப மாட்டி கிளிப்பை இறுக்கினேன். ஃபில்டர் மேலிருக்கும் ஏர் ஸ்க்ரூவை லூஸ் பண்ணிட்டு, கைப் பிரைமரை அமுக்க அமுக்க நுரையா வந்தது. நுரை நின்னு சுத்த டீசல் வந்ததும் ஸ்க்ரூவை டைட் பண்ணியாச்சு. அடுத்து பம்பிலும் அதே வேலை. இருபது நிமிஷத்தில் வண்டி கிளம்பிருச்சு. ஏலத்துக்கும் போய்ச் சேர்ந்தோம்.

இதையே புது காமன் ரெயில் வண்டியில் செய்யக் கூடாது. அதன் லைன்ல ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும், கையைக் கிழிச்சிரும். கோளாறு எதுன்னு பார்க்கவே ஸ்கேனர் வேணும். ராத்திரி மூணு மணிக்கு நடுரோட்டில் ஸ்கேனருக்கு எங்க போறது?

நண்பர் சொன்ன புகையை நான் மறுக்கலை. ஆனா பழைய வண்டியின் கரும்புகையில் பாதிக்கதை தேஞ்ச நாசிலும் அடைச்ச ஏர் ஃபில்டரும்தான். ரெண்டையும் சரிபண்ண முடியும். நாசில் டெஸ்ட்டும் பம்ப் காலிபரேஷனும் வீட்டு வேலை இல்லை. அதுக்கு திண்டுக்கல் டவுனுக்குப் போய் பம்ப் கடையில் கொடுத்துருவேன். மத்தபடி வருஷா வருஷம் எஃப்.சி. காட்டித்தான் ஓட்டுறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ஸ்கிராப் கொள்கையும் எங்களை மாதிரி ஆளுங்க வண்டியை வயசை மட்டும் பார்த்து அழிக்கச் சொல்லலை. தகுதிச் சோதனையில் தேறுதான்னுதான் பார்க்குது. அரசாங்க வண்டிகளுக்குத்தான் 15 வருஷக் கணக்கு.

புது வண்டியே வேண்டாம்னு நான் சொல்லவில்லை. வாங்கினவனுக்கே அதைத் திறந்து பார்க்கிற உரிமை வேணும்னு சொல்றேன். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு போட்டது. அது எடுத்துக்கொண்ட நாலு துறையில் விவசாயக் கருவிகளும் வாகனங்களும் உண்டு. டிசம்பரில் ஒரு இணையதளமும் வந்தது. இணையதளம் மட்டும் போதாதுங்க. ரிப்பேர் மேனுவல் தமிழில் கிடைக்கணும், ஸ்கேனர் ஊர் மெக்கானிக் வாங்கும் விலைக்கு வரணும், ஸ்பேர் பாட்ஸ் வெளியிலும் கிடைக்கணும். சட்டத்திலேயே இதெல்லாம் இருக்கணும்.

உங்க போன் பேட்டரியைக்கூட நீங்களே மாத்த முடியாம சர்வீஸ் சென்டர் வாசல்ல நிக்கிறீங்களே, அதுவும் இதே பிரச்சினைதான். அதனால என் வண்டியை அழிக்கச் சொல்றதுக்கு முன்னாடி, இந்த உரிமையை என்னோட சேர்ந்து கேளுங்க.

அந்த ஹோஸை மறுநாளே மாத்திட்டேன். நண்பர் அடுத்த தடவை வந்தா, ஏர் எடுக்கக் கத்துக் கொடுத்துத்தான் அனுப்புவேன்.